நாலு பிளக்குக்கு பில், இருந்ததோ மூணு: மதுரையில் கார் வைத்திருப்பவர்கள் படிங்க

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக் (இன்ஜினுக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கிற சின்ன பாகம்) மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 4,000 ரூபாய் வாங்கினார்கள். மாற்றவே இல்லை. பழைய பிளக்கையே உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

என்னுடையது ஒரு லிட்டர் வேகன்ஆர், பெட்ரோல், 42,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு மாதமாகவே காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று தடவை சுற்றித்தான் பிடிக்கும், காளவாசல் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்கும், மைலேஜும் குறைந்திருந்தது. கடையில் காட்டியதும் பிளக் போயிடுச்சு சார் என்றார்கள். அதில் பொய் இல்லை. சாதாரண நிக்கல் பிளக் என்றால் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியதுதான். இரிடியம் போட்டா லட்சம் கிலோமீட்டர் வரை கவலையே வேண்டாம் என்றார்கள், அதுவும் நடக்கிற விஷயம்தான். சரி என்று வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நான் செய்த தப்பு அதுதான், பக்கத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் பில் வந்தது: இரிடியம் பிளக் 4, ஒன்று 850 ரூபாய், லேபர் 600. வண்டியும் ஸ்மூத்தாக ஓடியது, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு வரை ஒரு தொந்தரவும் இல்லை. காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இரண்டாவது கியரில்கூட இழுக்க மாட்டேன் என்கிறது, உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி ஜெர்க், டேஷ்போர்டில் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது. பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கிறது, அப்பாவுக்கு ஏற்கெனவே பிபி. டம் டம் பாறைக்கு முன்னாலேயே ஓரங்கட்டி, வண்டி நிற்க இடம் கிடைத்த வளைவில் திருப்பி, மெதுவாக இறக்கி வத்தலக்குண்டுக்கே வந்து சேர்ந்தோம். அந்த லைட் அப்படி மின்னினால் தயவுசெய்து மிதித்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அதன் விலை பிளக் விலை மாதிரி இல்லை.

வத்தலக்குண்டில் வயதான மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் ஆறட்டும் தம்பி, சூட்டோட கழட்டுனா ஹெட்டுல பிளக் மாட்டுற மரை போயிரும்" என்று ஒரு மணி நேரம் எங்களை உட்கார வைத்தார். அப்புறம் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைச் சுற்றியிருந்த மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூணு பிளக்.

"நாலு போட்டதா பில் இருக்கு அண்ணே" என்றேன். "இது மூணு சிலிண்டர் வண்டி தம்பி, சிலிண்டருக்கு ஒரு பிளக்தான், நாலாவதை எங்க போட்டாங்க?" என்று கேட்டார். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. இரிடியம் என்றால் நடு முனை ஊசி மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும். இதில் தடித்த முனை, ஓரமெல்லாம் மழுங்கி உருண்டிருந்தது, மேலே உப்புத்தாள் தேய்த்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்றில் பீங்கான் விரிசல் வேறு.

பத்து நாள் நன்றாக ஓடியது எப்படி என்று அவரிடமே கேட்டேன். ஒவ்வொரு பொறிக்கும் முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இடைவெளி கூடிக்கொண்டே போகும், அதைத் தாண்டிப் பொறி பாய காயில் இன்னும் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டும். கரியைச் சுரண்டினால் ஊருக்குள் சமதளத்தில் சமாளிக்கும். மலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போது பொறி தவறிவிடும். சிட்டிக்குள்ளேயே ஓட்டியிருந்தால் எனக்கு இது இன்னும் சில மாதம் தெரிந்தே இருக்காது.

புதுசாக மூணு சாதாரண பிளக் வாங்கி, முதலில் ஒரு ரப்பர் டியூபை மாட்டிக் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டார். கூலியோடு 750 ரூபாய். பழையதைக் கேட்காமலே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அந்தக் கடையில் போய்க் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் நாலு என்று தவறாக விழுந்துவிட்டது, ஒரு பிளக் காசைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். மற்ற மூணு எங்கே என்றால் பதில் இல்லை. அந்த 850 ரூபாயை நான் வாங்கவில்லை.

பிளக் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் உங்கள் வண்டிப் புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டர், எந்த வகை என்று பாருங்கள், எத்தனை சிலிண்டர் என்பதையும். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் என்று யாராவது பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள், டீசலில் அது கிடையவே கிடையாது. கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், புதுசின் அட்டைப்பெட்டியையும் பழைய பிளக்கையும் கையில் வாங்குங்கள். பழையதன் முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரிகிறது. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது, அப்போது பிளக் மட்டும் மாற்றிப் பயனில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மதுரை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், பில்லும் அந்த மூணு பிளக்கும் பத்திரமாக இருக்கின்றன. பைபாஸ் ரோட்டுப் பக்கம் இதே மாதிரி ஒர்க்‌ஷாப் அனுபவம் இருப்பவர்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.