பழைய ஆல்டிஸுக்கு என்ன பிரேக் ஹோஸ், என்ன பிரேக் ஆயில்: சில வருட அனுபவம்

பத்து வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் என்றதும் பேடையும் டிஸ்க்கையும்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸ், அப்புறம் அதற்குள் ஓடும் ஆயில். என்னுடையது 2006-ல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ், 2016-ல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) பத்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். சிங்கப்பூருக்குள் அதிகம் ஓடாது, ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவில் ஈப்போ, கேமரன் மலை, கெந்திங் என்று குடும்பத்தோடு ஏறி இறங்குகிற வண்டி.

ஒரு சமயம் இடது முன் சக்கரம் மட்டும் எப்போதும் சூடாக இருந்தது. வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனில் எந்தக் குறையும் வரவில்லை. காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கி, என்னைப் பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். கால் எடுத்த பிறகும் சக்கரம் சுற்றவில்லை. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் திருகு) கொஞ்சம் திறந்ததும் இரண்டு சொட்டு ஆயில் தெறித்தது, சக்கரம் லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. "கேலிப்பர் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஹோஸ்தான் உள்ளே வீங்கிப்போச்சு" என்றார். கழற்றிய ஹோஸைப் பிளேடால் வெட்டிக் காட்டினார். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை, உள்ளே துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கும்போது இருக்கிற அழுத்தம் ஆயிலைத் தள்ளிவிடும், திரும்பி வர அந்த வேகம் கிடையாது, அதனால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். இதைப் பார்க்காமல் நேராகக் கேலிப்பரை மாற்றச் சொல்கிற இடங்களும் உண்டு.

அடுத்து எந்த ஹோஸ் என்ற கேள்வி. ஸ்டீல் வலை போட்ட பிரெய்டட் ஹோஸ் போடு, பிரேக் மிதி கல் மாதிரி நிற்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான், உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் ரப்பர் அளவுக்கு விரியாது. ஆனால் அந்த வலைக்குள் மணல் புகுந்து அரைத்தாலும் குழாய் மடங்கினாலும் வெளியே எதுவும் தெரியாது. வாங்குவதானால் மேலே பிளாஸ்டிக் உறை போட்டதாக, அமெரிக்காவின் பிரேக் ஹோஸ் பாதுகாப்புத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 106 அல்லது ஜெர்மனியின் டியூவி சான்று உள்ளதாக வாங்குங்கள், பெயர் தெரியாததை விலை பார்த்து ஆன்லைனில் எடுக்காதீர்கள். நான் ஒரிஜினல் ரப்பர் ஹோஸையே நாலு சக்கரத்துக்கும் மாற்றினேன், ஹோஸ் மேல் அச்சடித்த தயாரிப்புத் தேதியைப் பார்த்து, செப்பு வாஷரும் புதிதாகப் போட்டு. மிதி அன்றைக்கே உறுதியாகிவிட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. பிரெய்டட் போட்டதால் வந்ததாகப் பலர் சொல்லும் மாற்றத்தில் பெரும்பங்கு, கிழட்டு ரப்பர் போனதாலும் புது ஆயில் வந்ததாலும் வந்தது என்பதே என் எண்ணம்.

வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயில், ஈரம் தங்குகிற கிளிப் இடத்தில் துரு தெரிந்தது, அந்தத் துண்டைச் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றினோம். சுத்தச் செம்பு வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். ஜப்பான் வண்டிக்குக் குழாய் நட்டு எம்10 (10 மி.மீ. விட்டம்), 1.0 மி.மீ. மரை, குழாய் முனை இரட்டை ஃபிளேர், அதாவது இரண்டு மடிப்பாக விரித்தது. அமெரிக்க 3/8 அங்குல நட்டு பார்வைக்கு இதேபோல இருக்கும், பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும்.

ஆயில் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். டாட் 3, 4, 5.1 என்று அமெரிக்கத் தரக் குறியீட்டோடு வரும் கிளைக்கால் வகை ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், இங்கே ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல், ஆகவே வண்டி ஓடாமல் நின்றாலும் ஆயில் கெடும், கிலோமீட்டர் கணக்கு உதவாது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. கெந்திங்கிலிருந்து முழுக் குடும்பத்தோடு இறங்கும்போது இந்த வித்தியாசம்தான் உயிர். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும், பிரேக் இருக்காது. (கியரைக் குறைத்து இறங்குங்கள், எந்த ஆயிலாக இருந்தாலும்.)

என் வண்டிக்கு டாட் 3 போதும் என்று பிரேக் ஆயில் தொட்டியின் மூடியிலேயே போட்டிருக்கிறது, இரண்டும் ஒரே வகை என்பதால் டாட் 4 ஊற்றுகிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) சொல்கிறேன். டாட் 5 வேறு, அது சிலிக்கோன், இதோடு சேராது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம்: போன தடவை எடுத்தது வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது, டெஸ்டர் மூன்று சதவீதம் தண்ணீர் காட்டியது. சீல் உடைக்காத டப்பாவை என் கண் முன்னால் திறந்தால்தான் ஊற்ற விடுவேன், மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைப்பதில்லை. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், துணியால் தேய்த்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.