உள்ளே பஞ்சு, துண்டில் ‘ஆர்.சி.ரி முடிந்தது’

மல்லாவிப் பக்கத்து அம்மா ஒருவருக்குக் கீழ்க் கொடுப்புப் பல்லில் அரை மணித்தியாலத்தில் ‘ரூட் கனால்’ (ஆர்.சி.ரி: பல்லின் வேர்க்குழாய்களில் உள்ள நரம்பை எடுத்து, கழுவி, அடைக்கும் வேலை) செய்து முழுக் காசையும் வாங்கிவிட்டார்கள். நாலாம் மாதம் முரசில் பரு மாதிரி ஒரு சீழ்க்கட்டி. காசு வாங்கிய கிளினிக் எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை, இரண்டு தரம் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தது. வேறிடத்தில் திறந்து பார்த்தால் மேலே தற்காலிகச் சீமெந்து, அதன் கீழ் நாறிப்போன பஞ்சு, வேர்க்குழாய்கள் மூன்றும் வெறுமை.

பஞ்சு வைத்து மூடி அனுப்புவது முதல் நாள் வேலை. நரம்பை எடுத்ததும் வலி நின்றுவிடும், ஆளும் நம்பிவிடும். ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. வலி நின்றது வேலை முடிந்ததற்குச் சாட்சி இல்லை. உள்ளே செத்த பல்லுக்கு இரத்தம் போகாது, அதனால் குளிசையும் போய்ச் சேராது. வீக்கம் வற்றும், பிறகு திரும்பி வரும்.

ஒரே நாளில் முடிப்பது பிழையல்ல. படம் எடுக்காமல் முடிப்பதுதான் பிழை. தொடங்க முன் ஒன்று, அடைத்த பிறகு ஒன்று என்று குறைந்தது இரண்டு எக்ஸ்ரே வேண்டும். கடைசிப் படத்தில் ஒவ்வொரு குழாயிலும் அடைப்பு வெள்ளைக் கோடாக இடைவெளியில்லாமல் இறங்கி, வேர் நுனிக்கு 2 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். பாதியில் நின்றாலும் நுனியைத் தாண்டிப் போனாலும் காரணம் கேளுங்கள். கீழ் முதற் கொடுப்புப் பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய், சிலருக்கு நாலு. மேல் கொடுப்பில் நாலாவது ஒளிந்திருக்கும், நல்ல கையுள்ளவரும் தவற விடுவார். ஊசி போன்ற ஃபைல் உள்ளே முறிவதும் நடக்கிறதுதான். முறிந்ததைச் சொல்லாமல் மூடுவதுதான் குற்றம். காசு கொடுக்க முன் அந்தக் கடைசிப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரையில் இருக்கும்போதே கவனிக்கலாம். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டினார்களா? எச்சிலும் கிருமியும் உள்ளே போகாமல், ஃபைல் தொண்டைக்குள் விழாமல் காப்பது அதுதான். குழாய் கழுவும்போது குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணியின் மணம் வர வேண்டும். வெறும் உப்புத் தண்ணி கிருமியையும் கொல்லாது, செத்த நரம்பையும் கரைக்காது.

தற்காலிக அடைப்பு சில கிழமைக்குத்தான். அறுவடை முடியட்டும், பஸ் காசு சேரட்டும் என்று விட்டால் எச்சில் கசிந்து நல்ல வேலையும் கெட்டுப்போகும். கொடுப்புப் பல்லுக்குக் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடும் வரை அந்தப் பக்கத்தால் புழுக்கொடியல் கடிக்க வேண்டாம். வேர் வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கிரவுன் காசு முதலே சேர்த்துச் சொல்லப்பட்டதா என்றும் கேட்டுவிடுங்கள், பலர் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். ஒரு வருடத்தில் இன்னொரு படம்.

பல் வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். தனியார் கிளினிக்கும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. துண்டில் ‘ஆர்.சி.ரி’ என்று மட்டும் எழுதினால் எந்தப் பல், எத்தனை குழாய், நிரந்தர அடைப்பா இல்லையா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமானாலோ, கிளினிக் திறக்கும் வரை இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.