வக்கீலை உள்ளே விடாத இடம்: இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் பற்றி ஒரு வக்கீல்

மதுரையில் நுகர்வோர் ஆணையத்தில் இன்சூரன்ஸ் வழக்குகள் நடத்துவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் மெடிக்ளெய்ம் மறுப்புக் கடிதத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் நான் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதில்லை. கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்க, நான் வேண்டாம்” என்று அனுப்பிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி மேல் வரும் புகார்களை விசாரித்து உத்தரவு போடுகிற அதிகாரிதான் ஆம்புட்ஸ்மேன். சக வக்கீல்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சேர்த்து ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. 2017 இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் விதிகளின்படி நடக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் கூடாது, பாலிசிதாரரோ வாரிசோ நாமினியோ தானே வந்து பேச வேண்டும். முன்பு 30 லட்சம் வரைதான் இழப்பீடு தரலாம் என்றிருந்தது, 2023 நவம்பரில் 50 லட்சமாக்கிவிட்டார்கள். மனுவை ஆன்லைனில் போடலாம், விசாரணைக்கு வீடியோவில் வரலாம். தென்மாவட்டக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு வாய்தாவுக்காக ராத்திரி பஸ் ஏறி சென்னை போய், “அடுத்த மாதம் வாங்க” என்று கேட்டுத் திரும்புகிற கொடுமை இதில் இல்லை.

என் கட்சிக்காரர் ஆகியிருக்க வேண்டிய ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கதையைச் சொன்னால் விளங்கும். நெஞ்சுவலி, ஸ்டென்ட், பில் 2.75 லட்சம். கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. காரணம், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் டியூட்டி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய ஒரே வரி: “கே/சி/ஓ டிஎம், 10 வருடம்.” பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பது தெரிந்த நோயாளி என்று அர்த்தம். பாலிசி ஆறாவது வருடத்தில் ஓடுகிறது. அப்படியானால் எடுக்கும்போதே மறைத்துவிட்டார் என்பது கம்பெனியின் கணக்கு. அண்ணாச்சியோ, “எனக்குச் சுகர்னு சொன்னதே போன வருஷம்தான், வக்கீலம்மா” என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவரிடம் யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இங்கேதான் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. 2024 ஏப்ரல் முதல், ஹெல்த் பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடிவிட்டால், நோயை மறைத்தார், தப்பாகச் சொன்னார் என்று கம்பெனி கிளப்ப முடியாது. அதற்கு முன் இந்தக் காலம் எட்டு வருடம். விதிவிலக்கு மோசடி, அதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள், நடுவில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு 60 மாதம் அன்றிலிருந்துதான் ஓடும். அண்ணாச்சி கூட்டவில்லை, தப்பித்தார்.

மனுவை ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னேன். பாலிசி தொடங்கிய தேதி, ஒவ்வொரு வருடப் புதுப்பித்தல் ரசீது, மறுப்புக் கடிதம், முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த லேப் ரிப்போர்ட். அவ்வளவுதான். “முப்பது வருஷமா நேர்மையா கடை நடத்துறேன்” என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தார், அதை எடுக்கச் சொல்ல மனசு கேட்கவில்லை, ஆனாலும் எடுக்கச் சொன்னேன்.

விசாரணை அன்று கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துப் பேசியிருக்கிறார், தமிழிலேயே. கம்பெனி சார்பில் வந்தவர் சர்க்கரையை விட்டுவிட்டு, திடீரென்று குடிப்பழக்கம் என்று ஆரம்பித்தாராம். அண்ணாச்சிக்கு நான் மனப்பாடம் பண்ணக் கொடுத்திருந்தது ஒரு வாக்கியம்: “ஐயா, இது மறுப்புக் கடிதத்தில் இல்லை.” சவுராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு புதிதாகக் கொண்டுவர முடியாது. தீர்ப்பின் பெயர் அவருக்குத் தெரியாது, தேவையும்படவில்லை. மோசடிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது கம்பெனியிடம் அந்த ஒரு வரியைத் தவிர எதுவும் இல்லை. உத்தரவு அண்ணாச்சி பக்கம்.

இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது உத்தரவுக்குப் பிந்தைய பகுதி. ஆம்புட்ஸ்மேனின் உத்தரவு கம்பெனியைக் கட்டும், உங்களைக் கட்டாது. பிடிக்கவில்லையென்றால் நீங்கள் ஆணையத்துக்கோ கோர்ட்டுக்கோ போகலாம். கம்பெனிக்கு அப்பீல் இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். 30 நாளுக்குள் பணம் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்கே கட்ட வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024 சுற்றறிக்கையில் எழுதிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் ஜெயித்த பிறகும், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டு அலைகிறவர்களைப் பார்க்கிறவள் நான். இதன் அருமை எனக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. மன உளைச்சலுக்கென்று தனியாக நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள், நேரடி இழப்பும் வட்டியும்தான். அந்த வட்டியையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பாலிசிக்கு விண்ணப்பிக்கிற புரொப்போசல் ஃபாரத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை, ஏஜென்ட் போட்டது என்பவர்கள் அங்கே போய்ப் பிரயோஜனமில்லை. நேரே ஆணையத்துக்கு வாருங்கள். மூன்று மாதத்தில் உத்தரவு என்பதும், அவர்கள் கேட்ட காகிதமெல்லாம் நீங்கள் கொடுத்து முடித்த நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி விடுபட்டால் கடிகாரம் ஓடாது.

போகும் வழியும் முக்கியம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால்தான் ஆம்புட்ஸ்மேன். அதற்கும் ஒரு வருடம்தான் கெடு. ஏற்கெனவே ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் உள்ளேயே எடுக்க மாட்டார்கள். அதனால்தான் அவசரப்பட்டு என்னிடம் வழக்குப் போடாதீர்கள் என்கிறேன். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ புகார்த் தளத்தில் பதிந்துவிட்டேன், போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது உங்கள் புகாரைக் கம்பெனிக்குத் தள்ளி, பதில் வந்ததா என்று பார்க்கும். தீர்ப்புச் சொல்லாது.

உண்மையிலேயே நோயை மறைத்து, இரண்டாம் வருடமே கிளெய்ம் போட்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களை ஆம்புட்ஸ்மேனும் காப்பாற்ற மாட்டார், என்னாலும் முடியாது. சத்வந்த் கவுர் வழக்கில் 2009-லேயே அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் சாத்திவிட்டது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ மாதம் ஒருநாளாவது நேரடி அமர்வு வைத்தால் மீதி ஒன்றையும் போட்டுவிடுவேன். எல்லோருக்கும் அண்ணாச்சி போல அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வாதாட வராது. என்னிடம் வருகிற வயதான அம்மாக்களுக்கு மனுவை ஸ்கேன் பண்ணி ஏற்றுவதற்கே ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதை இப்போதைக்கு என் ஜூனியர் செய்துகொடுக்கிறாள்.