எத்தில் அசிடேட்டா, பியூட்டைல் அசிடேட்டா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்கு லேக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு அடிக்கிறவர்களுக்கு, எந்தக் கரைப்பானை எடுப்பது என்பது தெரிந்த கேள்விதான். இரண்டும் எஸ்டர் என்ற வேதிவகை, இரண்டும் லேக்கரின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸைக் கரைக்கும். பிரச்சினை உலரும் வேகத்தில்.

எத்தில் 77 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பியூட்டைல் 126-இல். எத்தில் சட்டென்று ஆவியாகும். போகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருந்தால், குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து லேக்கர் வெளுத்துவிடும். சித்திரை வெயிலில் வேறு தொல்லை: ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து கிளம்பிய துளி தோலைத் தொடுமுன்பே பாதி காய்ந்து சொரசொரக்கும். பியூட்டைல் நிதானமாக உலர்வதால் பூச்சு பரவிச் சமமாகிறது. பளபளப்பு வேண்டுமென்றால் என் ஓட்டு அதற்கே. கருவி கழுவ எத்தில் போதும். இரண்டையும் கலந்து அடிப்பதும் உண்டு.

தீ விஷயத்தில் எத்தில்தான் மோசம். அதன் ஆவி −4 டிகிரியிலேயே பற்றும். பியூட்டைலுக்குச் சுமார் 22. ஆனால் குளிர்கால இரவும் விடியலும் தவிர வேலூரில் 22-க்குக் கீழே எப்போது இறங்குகிறது? ஆகவே இரண்டையும் ஒரே பயத்தோடுதான் கையாள வேண்டும். ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம்; தரையோடு ஊர்ந்து தொலைவில் எரியும் அடுப்பைக்கூட எட்டும். காற்றிழுக்கும் விசிறி தரையை ஒட்டி இருக்கட்டும். டிரம்மிலிருந்து ஊற்றும்போது எர்த் கம்பி கட்டாயம்.

மூச்சுக்கு நிலைமை தலைகீழ். 8 மணி நேர வேலையில் காற்றில் இருக்கலாம் என்று அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு எத்திலுக்கு 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு), பியூட்டைலுக்கு 150தான். முகத்தில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.