பழைய மோட்டாரை மாற்ற ஒரு மானியம், புதிய மோட்டாரைச் செய்ய ஒரு மானியம்

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறை. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கம்ப்ரசரை ஓட்டும் 15 எச்.பி. மோட்டாரின் மேல் கை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்கவில்லை. மூன்று தடவை காயில் கட்டிய மோட்டார். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது, எதுக்கு மாத்தோணும்?" என்றார் உரிமையாளர்.

எதற்கு என்று அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மூடியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 15 எச்.பி. என்பது 11 கிலோவாட். பலமுறை காயில் கட்டியதில் திறன் 86 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐஇ3 என்ற உயர்திறன் ரகத்துப் புதிய மோட்டார் 91 சதவீதத்துக்கு மேல் தரும். தினம் 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் முழுச்சுமையில் ஓடினால் வித்தியாசம் சுமார் 3,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 29,000 ரூபாய். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு மோட்டாரில் ஆண்டுக்கு இரண்டரை டன்.

அவர் மூடியைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பட்டறையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு சாக்கை விலக்கினார். உள்ளே நிரந்தரக் காந்த மோட்டார் பூட்டிய போர்வெல் பம்ப். சோலார் தகட்டில் நேராக ஓட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொந்தக் காசில் செய்துகொண்டிருக்கிறார். "அந்த மோட்டாரை மாத்தறதுக்கு மானியம் இருக்குதுன்னு சொல்றாங்க. இதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஒரே ஆள் கேட்ட இந்த இரண்டு கேள்விக்கும் இரண்டு வேறு வாசல்கள். கார்பனைக் குறைக்க சிறுதொழிலுக்கு உதவி என்று அறிவிக்கப்படும் திட்டங்களை ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அடுத்தவர் செய்த நல்ல இயந்திரத்தை வாங்குபவருக்கு உதவுவது ஒரு வகை. நல்ல இயந்திரத்தைத் தானே செய்து பார்ப்பவருக்கு உதவுவது வேறு வகை. முதலாவதில் பணம் ஓரளவு இருக்கிறது. இரண்டாவதில் சிக்கலே பணம் யாருக்கு, எப்போது வருகிறது என்பதுதான்.

முதல் வாசல்: வாங்குபவருக்கு

தமிழக அரசின் பீஸ் திட்டத்தையும் மத்திய மின்துறையின் அடீட்டி திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பீஸ் திட்டத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்லும் ஆற்றல் தணிக்கைக்கு ஆகும் செலவில் 75 சதவீதம், உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். தணிக்கை அறிக்கை பரிந்துரைத்த இயந்திரத்தை வாங்கினால் அதன் விலையில் 50 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். இரண்டுமே செலவு செய்த பிறகு திரும்பத் தருவது.

அடீட்டியை மத்திய ஆற்றல் திறன் பணியகம் 2025 ஜூலையில் பானிபட்டில் தொடங்கியது. மூன்று நிதியாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய். இது மானியமாகக் கைக்கு வராது, வட்டியில் கழியும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம். குறைந்தது 10 சதவீத ஆற்றல் சேமிப்பைக் காட்ட வேண்டும். கடனுக்கு முன் நடக்கும் விரிவான தணிக்கைக்கும், திட்ட அறிக்கைக்கும், பிறகு சேமிப்பை அளந்து சரிபார்க்கவும் உதவி உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். இயந்திரம் வந்து இறங்கியதோடு முடிந்துவிடாமல், மீட்டரில் என்ன குறைந்தது என்று யாரோ ஒருவர் வந்து பார்க்கிறார்.

எது லாபம்? இயந்திரத்தின் விலையைப் பொறுத்தது. 20 லட்சம் வரை பீஸை எதுவும் மிஞ்சாது, சரிபாதி திரும்பி வருகிறது. அந்த 10 லட்சம் ஓராண்டு தாமதமாக வந்து, அதுவரை 12 சதவீத ஓவர்டிராஃப்டில் தள்ளினாலும் வட்டி 1.2 லட்சம் போக 8.8 லட்சம் மிஞ்சும். விலை 60 லட்சம் என்றால் அதே 10 லட்சம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 60 லட்சத்தை ஐந்தாண்டுக் கடனாக எடுத்து அடீட்டியில் போனால் முதலாண்டில் சுமார் 2.7 லட்சம் வட்டி குறையும். அசல் குறையக் குறைய இந்தத் தொகையும் இறங்கும். மொத்தத் தொகையில் பார்த்தால் பீஸ் அப்போதும் தோற்கவில்லை. ஆனால் 60 லட்சத்தைக் கையிலிருந்து போட்டுவிட்டு 10 லட்சத்துக்குக் காத்திருக்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கிறது? அடீட்டியில் சுமை முதல் தவணையிலிருந்தே இறங்குகிறது.

இன்னொரு வித்தியாசம் பலர் கண்ணில் படுவதில்லை. அடீட்டி 14 துறைகளுக்கு மட்டும். வார்ப்படம், ஃபோர்ஜிங், ஜவுளி, காகிதம், மருந்து, உணவு பதப்படுத்துதல், செங்கல், கண்ணாடி, தோல் எல்லாம் உண்டு. லேத்தும் மில்லிங்கும் வைத்து பம்ப் பாகம் கடையும் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆவாரம்பாளையத்து நண்பருக்கு அந்த இடத்திலேயே கேள்வி முடிந்துவிட்டது. அவருக்கு பீஸ்தான். அரசூர் பக்கம் இன்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்து வார்ப்படம் செய்பவரானால் விடை மாறும். அவருக்கு ஃபர்னஸ் மாற்றுவதே பெரிய முதலீடு, இரும்பு உருக்க டன்னுக்கு 600 யூனிட்டைச் சுற்றிச் செலவாகிற தொழில், பட்டியலிலும் இடம் இருக்கிறது.

(வார்ப்பட ஆலைக்காரர்களிடம் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. எந்தத் திட்டத்துக்கும் போகுமுன் ஃபர்னஸ் வாயை மூடி வையுங்கள், மண் ஒட்டிய ஸ்கிராப்பைத் தட்டிப் போடுங்கள். அதற்கு மானியமே தேவையில்லை.)

மூன்றாவதாக கிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. அமைச்சகம் 2023 டிசம்பரில் தொடங்கியது, 478 கோடி ஒதுக்கீடு. 2 கோடி வரையான பசுமைக் கடனுக்கு 2 சதவீத வட்டிக் குறைப்பு. மேற்சொன்ன 60 லட்சத்துக்கு முதலாண்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆனால் இதில் 75 சதவீதக் கடன் உத்தரவாதமும் உண்டு. வாடகைக் கட்டடத்தில் தொழில் செய்து, அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவருக்கு 2 சதவீதத்தைவிட அந்த உத்தரவாதம்தான் பெரிது.

இரண்டாவது வாசல்: செய்து பார்ப்பவருக்கு

சாக்குக்கு அடியில் இருக்கும் பம்புக்கு வருவோம். இதற்கு இயந்திரக் கடன் எதுவும் உதவாது. காந்தம் வாங்க வேண்டும், கன்ட்ரோலர் போர்டு நான்கைந்து தடவை எரியும், சோதனைச் சாலைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தோற்கவும் தோற்கலாம். தோற்றால் திருப்பிக் கேட்காத பணம் வேண்டும்.

அப்படிப்பட்ட பணம் நான்கு இடத்தில் இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ், மாதிரி செய்ய 10 லட்சம் வரை. மத்திய அரசு 2021 ஏப்ரலில் கொண்டுவந்த ஸ்டார்ட்அப் விதை நிதி, செய்துகாட்டவும் சோதனை பார்க்கவும் 20 லட்சம் வரை மானியம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட், பொதுவாக 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்களுக்கும் 15 லட்சம். எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இன்னோவேட்டிவ் திட்டம், ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை.

தொகையை மட்டும் பார்த்தால் விதை நிதிதான் முதலிடம். ஆனால் அந்த வாசலில் நிபந்தனை அதிகம். விண்ணப்பிக்கும்போது நிறுவனத்துக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பணம் புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையமான இன்குபேட்டர் வழியாக, வேலை நடந்த அளவுக்குத் தவணையாக வரும். கட்டடம், பட்டறை வசதி போட இதிலிருந்து எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: வேறு மத்திய, மாநிலத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் உதவி பெற்றிருந்தால் இதற்குத் தகுதி போய்விடும். ஆகவே பசுமைப் பிரிவில் டான்சீட்டின் 15 லட்சத்தை முதலில் வாங்கினவருக்கு 20 லட்சம் கைநழுவிவிடும். இரண்டையும் எண்ணிப் பார்த்து வரிசையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மேசைக்காரர் "எதுக்கு எதுக்குக் கிடைக்குதோ எல்லாத்துக்கும் போட்டு வைங்க" என்று சொல்லும் ஆலோசனை இங்கே கெடுத்துவிடும்.

டான்சீட்டை மானியம் என்று சொன்னாலும் பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 15 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் நிறுவனத்தின் மதிப்பு 5 கோடி என்று கணக்காகிறது. மாதிரி மட்டும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த மதிப்பை எந்த முதலீட்டாளரும் அவ்வளவு எளிதில் போட மாட்டார். பங்கு கொடுப்பது கசந்தாலும் விலை நியாயமானது.

இனிதான் எனக்கு மனம் ஆறாத இடம். விதை நிதியிலும் டான்சீட்டிலும் தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு இடமில்லை. பதிவு பெற்ற கூட்டாண்மையாகவோ, எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகவோ, பிரைவேட் லிமிடெட்டாகவோ இருக்க வேண்டும். கோவைப் பட்டறைகளில் எத்தனையோ அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ தனி உரிமையில்தான் நடக்கின்றன. இருபது வருடம் பம்பைக் கடைந்து கடைந்து, எங்கே நீர் வீணாகிறது, எங்கே மின்சாரம் வீணாகிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பவருக்கு வாசல் மூடியிருக்கிறது. சென்ற வருடம் கல்லூரி முடித்துக் கம்பெனி பதிவு செய்தவருக்குத் திறந்திருக்கிறது. இளைஞருக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. அனுபவமும் புதுமையும் ஒரே ஆளிடம் இருக்கும்போது அவரை வெளியே நிறுத்துவதுதான் வருத்தம்.

"பையன் பேர்ல ஒரு கம்பெனி போட்டுடறனுங்க" என்றார் நண்பர். அதிலும் கண்ணி இருக்கிறது. இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ தொடங்கிய நிறுவனத்தை ஸ்டார்ட்அப்பாக ஏற்க மாட்டார்கள். பழைய லேத்தையும் பழைய வாடிக்கையாளரையும் புதுப் பெயருக்கு மாற்றினால் நிற்காது. புதிய பொருளும் புதிய கணக்கும் கொண்ட உண்மையான புது நிறுவனமாக இருந்தால் மட்டுமே வழி.

அதனால்தான் அவருக்கு நான் எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ் பக்கம் கை காட்டினேன். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் உள்ள பழைய பட்டறையும் இதில் வரலாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரியோ நிறுவனமோ யோசனையை ஏற்று முன்மொழிய வேண்டும். காகித வேலை அதிகம், யோசனை தேர்வுக்குழுவைத் தாண்ட வேண்டும், பணம் அந்த நிறுவனம் வழியாகத்தான் வரும். இத்தனைக்கும் ஈடாக இரண்டு நன்மை. இதே திட்டத்தின் வடிவமைப்புப் பிரிவில் 40 லட்சம் வரை உதவி உண்டு, அதில் குறு நிறுவனத்துக்கு அரசின் பங்கு 75 சதவீதம். உள்நாட்டுக் காப்புரிமை கிடைத்தால் 1 லட்சம் வரை செலவைத் திரும்பப் பெறலாம். ஒரு பட்டறைக்காரர் கல்லூரிக்குள் நுழைந்து பேராசிரியரோடு உட்கார வேண்டிய கட்டாயத்தையும் நான் நன்மையாகவே பார்க்கிறேன். கன்ட்ரோலர் போர்டு ஏன் எரிகிறது என்று அவருக்கு அங்கேதான் யாராவது சொல்ல முடியும்.

நான்கிலும் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதிரி செய்தாகிவிட்டது, சோதனைச் சாலையும் சான்று கொடுத்துவிட்டது. அடுத்து யாராவது ஒரு விவசாயி தன் கிணற்றில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். பம்ப் நின்றால் பயிர் காயும், அந்த இழப்பை யார் ஏற்பது? ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ, ஆற்றல் திறன் பணியகத்தோடு சேர்ந்து நடத்திய குறைகார்பன் தொழில்நுட்பப் போட்டியில் இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். வென்றவருக்கு 50,000 டாலர் வரை கொடுத்து, உண்மையான தொழிற்சாலையில் பொருத்தி, ஓட்டி, அளந்து காட்டச் சொன்னார்கள். பம்பும் மோட்டாரும் அதில் தனிப் பிரிவாகவே இருந்தன. அந்த மாதிரி ஒன்றை மாநில அரசு நிரந்தரமாக நடத்தினால், கோவைக்குப் புதிதாக எந்தத் தொழில்பேட்டையும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கிளம்பும்போது நண்பர் மேசை இழுப்பறையிலிருந்து புதிய மோட்டாருக்கான கோட்டேஷனை எடுத்து நீட்டினார். தேதியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பில் தேதி தணிக்கை அறிக்கைக்கு முந்தியதாக இருந்தால் பீஸ் மானியத்தை மறந்துவிட வேண்டியதுதான். இதே காரணத்தால் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல இயந்திரம், சரியான விலை, தேதி மட்டும் பதினோரு நாள் முந்திவிட்டது.

"அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"குடுத்துராதீங்க. வர்ற திங்கக்கிழமை மீட்டரோட வர்றேன். முதல்ல அறிக்கை, அப்பறம் ஆர்டர்."

அவர் கோட்டேஷனை மடித்து உள்ளே வைத்தார். பிறகு சாக்கை எடுத்துப் பம்பின் மேல் மறுபடி போர்த்தப் போனார். வேண்டாம், திங்கட்கிழமை அதையும் மீட்டரில் மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.