தென்பெண்ணைக் கரையில் கோமாரித் தடுப்பூசி முகாமும் 1962 ஊர்தியும்: ஒரு மதிப்பீடு

கால்நடை வளர்ப்போருக்காக அரசு நடத்தும் சேவைகளுள், வளர்ப்பவர் கையில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு அளந்தால் முதலிடம் பெறுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர்தோறும் நடக்கும் கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம்தான் என்பது என் கணிப்பு. கடன், மானியம், தீவனப்புல் கரணை என்று வருபவை எல்லாருக்கும் எட்டுவதில்லை. இந்த ஊசி மட்டும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே மாதிரி, ஒரு பைசா வாங்காமல், வாசலுக்கே வந்து சேருகிறது. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் சில கறவை மாடுகளையும் ஆடுகளையும் வைத்துப் பல ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அதன் நிறையையும் குறையையும், 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியின் நிறைகுறையையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த முகாம்கள் இப்போதைய வடிவில் நடப்பதற்கு அடிப்படை, 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம். கோமாரி, கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் ஆகிய இரண்டையும் அடக்குவதற்கென ஐந்தாண்டுகளுக்கு 12,652 கோடி ரூபாய் ஒதுக்கி, முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றது. 2030க்குள் தடுப்பூசியின் துணையோடு கோமாரியை ஒழிப்பது அதன் இலக்கு. பின்னர் இது கால்நடை சுகாதாரம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்ற பெரிய குடைக்குள் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு 2024-25, 2025-26 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு 3,880 கோடி ரூபாய் ஒதுக்கி மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. ஊசி போடுகிறவர்கள் நம் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களுமே.

கோமாரியால் பெரிய மாடு சாவது குறைவு. அதனாலேயே பலர் இந்த நோயை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வெடித்து, எச்சில் நூலாக வடிந்து, தீனி எடுக்காமல் நிற்கும் மாடு இரண்டு மூன்று வாரங்களில் தேறிவிடுவதுபோல் தோன்றும். ஆனால் அந்த ஈற்றில் போன பால் திரும்புவதில்லை; மடிநோய் சேர்ந்துகொள்வதும் உண்டு; வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும் மாடாகவே அது பின்னால் நின்றுவிடலாம். இளங்கன்றுகளில் வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், பாலூட்டிக்கொண்டிருந்த கன்று எந்த அறிகுறியும் காட்டாமல் விழுந்து இறக்கிறது. கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கியவர்களுக்கு ஒரு ஈற்றுப் பால் போவது என்றால் தவணையே போவதுதான். இதையெல்லாம் கணக்கிட்டால், 2 மில்லி மருந்து எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும்.

முகாமின் தரத்தை எடைபோட விரும்புகிறவர்கள் மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மருந்துப் பெட்டியைப் பார்க்க வேண்டும். இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருந்தாக வேண்டும். வெயிலில் சூடானாலும் கெடும், உறைந்துபோனாலும் கெடும். எங்கள் பகுதியில் அண்மைக் காலச் சுற்றுகளில் வந்த குழுவினர் பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியைப் புங்கமர நிழலில் வைத்து, ஒரு புட்டி தீர்ந்த பிறகே அடுத்ததை எடுத்துக்கொண்டு, உடனே மூடியதைக் கவனித்தேன். மாட்டுக்கு மாடு ஊசி மாற்றினார்கள். ஒரே ஊசியால் தெரு முழுவதையும் குத்திக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியாது. கழுத்துத் தசையில் ஆழமாகப் போட்டார்கள். இரண்டொரு நாள் பால் சற்றுக் குறையும், ஊசி போட்ட இடம் வீங்கலாம், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால்தான், "ஊசி போட்டார்கள், பால் போச்சு" என்ற பேச்சு பரவி, அடுத்த சுற்றுக்கு மாட்டை ஒளித்துவைக்கும் நிலை உண்டாகிறது.

ஊசி போட்டதும் காப்பு வந்துவிடுவதில்லை. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். முதன்முறை போடப்படும் கன்றுக்கு ஒரு மாதம் கழித்து மறு ஊசி தேவை. இங்கேதான் சேவையின் முதல் ஓட்டை இருக்கிறது. பெரிய மாடுகளுக்கான சுற்று ஒழுங்காக முடிந்துவிடுகிறது. கன்றுக்கான மறு ஊசிக்கு வாசலுக்கு வருபவர் குறைவு. வளர்ப்பவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

காது வில்லை பற்றித் தனியே சொல்ல வேண்டும். பன்னிரண்டு இலக்க எண் கொண்ட இந்த மஞ்சள் வில்லையைக் கொண்டே போட்ட ஊசி, சினை ஊசி, கன்று ஈன்ற விவரம் அனைத்தும் பாரத் பசுதன் என்ற கணினித் தளத்தில் பதியப்படுகின்றன. காப்பீட்டுக்கும் இந்த எண்தான் சாட்சி. ஏற்பாடு நல்லது, பதிவு செய்யும் கை எப்படியோ அப்படி. எங்கள் வட்டாரத்து மருந்தகம் ஒன்றில், வேலியில் சிக்கி வில்லை அறுந்த பசுவுக்குப் புது வில்லை மாட்டியபோது பழைய எண்ணோடு இணைக்காமல் விட்டுவிட்டார்கள். கணினியின் கண்ணில் அது ஊசியே போடாத புது மாடாகிவிட்டது. நேரில் போய்ச் சொன்ன பிறகு திருத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே, வில்லை மாட்டும்போதே எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. குத்திய காதில் ஈ மொய்க்காமல் ஒரு வாரம் வேப்பெண்ணெய் தடவுவதும் நம் பொறுப்பே.

முகாம் நாளை அறிவிக்கும் விதம் குறித்து எனக்கு மிகுந்த மனக்குறை உண்டு. ஊசிக்கு முழு மதிப்பெண் தருகிறவன் தகவலுக்குப் பாதி தருவதே அதிகம். செய்தி பெரும்பாலும் பால் சொசைட்டி வழியாக வருகிறது. காலையில் பால் ஊற்றுகிறவர் காதில் விழுகிறது. பால் வற்றிய மாட்டை வைத்திருப்பவர், உழவு மாடு வைத்திருப்பவர், சொசைட்டிக்கு ஊற்றாமல் டீக்கடைக்கு ஊற்றுபவர், ஆடு மட்டுமே மேய்க்கும் பெண்கள் ஆகியோர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். விடியலில் ஆற்றோரம் ஓட்டிப்போன மந்தை பத்து மணிக்கு ஊருக்குள் இருக்காது என்பதும் நாள் குறிப்பவர்கள் அறியாததன்று. முந்தின நாள் மாலை ஒலிபெருக்கி கட்டிய ஒரு ஆட்டோ தெருவைச் சுற்றினால் தீர்கிற பிரச்சினை இது. ஊரில் பெரும்பான்மை மாடுகள் ஊசி பெற்றால்தான் நோய் பரவ இடமில்லாமல் போகும். ஒரு மூலை விடுபட்டால் அந்த மூலையிலிருந்தே அது கிளம்பும்.

ஆடுகளின் நிலை இன்னும் பின்தங்கியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும், அதுவும் இலவசம்; ஆனால் நாமே கேட்டுப்பெற வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் வெள்ளிக்கிழமை கூடும் வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் பண்டிகைக் காலங்களில் எத்தனை ஊர் ஆடுகள் வருகின்றன என்பதைப் பார்த்தவர்கள், அங்கிருந்து வாங்கிவந்த ஆட்டை நேராகப் பட்டியில் விடக் கூடாது என்று நான் சொல்வதன் காரணத்தை உணர்வார்கள். மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்திருந்து, ஊசி போட்ட பிறகு சேர்ப்பது முறை. மழைக்கு முன் மாடுகளுக்குப் போட வேண்டிய தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசிகளுக்கும் இதே கேட்டுப்பெறும் நிலைதான். இத்தகைய நோய்களுக்கான தடுப்பூசிகள் 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகின்றன. மருந்து நம் மாநிலத்திலேயே இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு. ஆற்று வெள்ளம் வயலிலும் பட்டியிலும் ஏறும் மாவட்டத்தில் இதைப் புரட்டாசிக்குள் கேட்டுவிட வேண்டும். கொசுவும் கடிஈயும் பெருகும் அதே பருவம் தோல் கழலை நோய்க்கும் ஏற்றது. அதற்குத் தடுப்பூசி உண்டென்றாலும் தொழுவத்தில் மாலையில் புகை போடுவதை விட்டுவிடக் கூடாது.

புருசெல்லோசிஸ் ஊசி நான்கு முதல் எட்டு மாத வயதுக்குட்பட்ட கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை. உயிருள்ள கிருமி கொண்ட மருந்து என்பதால் போடுகிறவர் கையுறை அணிய வேண்டும். மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால், கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும்.

1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி, ஒரு லட்சம் கால்நடைக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டமிடப்பட்டது. ஒரு மருத்துவரும் ஓர் உதவியாளரும் ஓட்டுநரும் வருகிறார்கள். கன்று குறுக்கே நின்றுவிட்ட மாட்டையோ வயிறு உப்பிய மாட்டையோ வண்டியில் ஏற்ற முடியாதவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் ஓர் ஊர்தி பல ஊர்களைச் சுமக்கிறது, காத்திருக்க நேரும். அழைக்கும்போது ஊர், அடையாளம், மாட்டின் வயது, சினையா, எப்போதிலிருந்து தீனி எடுக்கவில்லை என்பவற்றைத் தெளிவாகச் சொன்னால் எதிர்முனையில் அவசரம் புரியும். தொற்றுநோய்ச் சந்தேகம் என்றால் அந்தச் சொல்லையே முதலில் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அப்படிப்பட்ட நோயைத் தெரிவிப்பதும் மாட்டைத் தனியே கட்டுவதும் உரிமையாளரின் கடமை. தெரிவித்தால் கறவையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சிலர் அஞ்சுவது வீண் பேச்சு. மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து நாக்கில் தடவும் மூலிகை மருந்து கோமாரியின் வாய்ப்புண்ணை ஆற்ற உதவும். அடுத்த தொழுவத்துக்கு நோய் போவதை அது நிறுத்தாது.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தென்பெண்ணை ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம், அந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன். புதுச்சேரிக்குத் தனித் துறை, தனி நாள். மாடு கொடுப்பதும் வாங்குவதும் உறவு முறையில் இரு கரைக்கும் நடக்கிறது. இரு துறைகளும் எல்லை ஊர்களுக்கு மட்டுமாவது ஒரே வாரத்தில் சுற்றை வைத்துக்கொண்டால் செலவு ஏதும் அதிகரிக்காது. வடகரையில் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டை ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது நல்வாய்ப்பு. உள்ளூரில் பிடிபடாத நோய்க்கு எங்கள் பக்கத்திலிருந்தும் அங்கே மாடு ஏற்றிச் செல்பவர்கள் உண்டு.

அடுத்த சுற்றுக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஊசிக்கு ஒரு மாதம் முன்பாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் காப்பு நன்றாகப் பிடிக்கும். அதை மருந்தகத்தில் கேட்டே வாங்கலாம். நான்கு மாதம் நிறையப்போகும் கன்றுகளின் பட்டியலை எழுதி ஆய்வாளரிடம் இப்போதே கொடுத்துவைத்தால், மறு ஊசி நாளையும் அவரே அதில் குறித்துக் கொடுப்பார்.