கேமராவா, கதவுப் பூட்டா?

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால், என் ஓட்டு பூட்டுக்கே. கேமரா திருடனைப் படம் பிடிக்கும். ஆளைத் தடுத்து நிறுத்தாது. தொப்பியும் முகமூடியுமாக வருபவன் பதிவில் வெறும் நிழல்தான். மின்சாரமோ வைஃபையோ போனால் பல கேமராக்கள் அதோடு சரி. மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருந்தால், அதையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போய்விடுவான்.

பூட்டு என்றதும் பலரும் சாவித் துவாரத்தைத்தான் பார்க்கிறார்கள். மரக்கதவை எட்டி உதைத்தால் முதலில் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் பூட்டு அல்ல. அதன் நாக்கு (பூட்டும்போது வெளியே நீளும் உலோகத் துண்டு) நுழையும், கதவு நிலையில் பதித்த தகடு. அதைப் பிடித்திருக்கும் திருகுகள் பல வீடுகளில் ஓர் அங்குலம்கூட இருக்காது. அவற்றைக் கழற்றி 3 அங்குலத் திருகு போட்டு, நாக்கு 1 அங்குலமாவது உள்ளே போகும் டெட்போல்ட் (சாவியையோ குமிழையோ திருப்பினால்தான் நாக்கு நகரும் பூட்டு) வைத்தால் கதவின் குணமே மாறிவிடும். கீல் பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான்.

அதற்காக கேமரா தண்டம் என்று சொல்லமாட்டேன். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்குக் கைப்பேசியில் உடனே தகவல் வருவது பெரிய விஷயம். காப்பீடு கேட்கும்போதும் பதிவு கைகொடுக்கும். வாங்கினால், முகம் விழுகிற மாதிரி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். மாடி உச்சியில் மாட்டினால் திருடனின் வழுக்கைதான் தெரியும்.